ஓலையில் மலர்ந்த ஓவியங்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

ஓவியம் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை பெரிய சுவர்கள். அஜந்தாக் குகைகள், சித்தன்னவாசலின் தாமரைப் பொய்கை, தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்று ஆகியவற்றைப் பற்றிப் பள்ளி நாள்களிலிருந்தே படித்து வருகிறோம். ஆனால் நான்கு விரல் அகலமே உள்ள பனையோலையில், அஞ்சலட்டையின் பாதியளவுகூட இல்லாத சதுரத்துக்குள், மனிதரையும் தேவரையும் யானையையும் மரத்தையும் தீட்டி, அம்மரபை மூன்று நூற்றாண்டுகள் வாழவைத்த ஓவியர்களைப் பற்றி நம்மில் பலர் அறிந்ததில்லை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் கி.பி. 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பெற்ற சமண ஏட்டுச் சுவடிகளின் ஓவியங்களையே இங்குக் குறிப்பிடுகிறேன்.

“வேதியியல் படிக்கிற உனக்கு ஏட்டுச் சுவடியில் என்னப்பா வேலை?” என்று விடுதி நண்பர்கள் கேட்டனர். நூலகத்தில் இந்தியக் கலை வரலாறு பற்றிய நூல் ஒன்றைப் புரட்டியபோது, இவ்வோவியங்களுக்கு அதில் இரண்டே பக்கம் ஒதுக்கியிருக்கக் கண்டேன். அஜந்தாவின் குழைவு மறைந்து, கோடு கூர்மையாகி, உருவங்கள் விறைத்துப்போன தளர்ச்சிக் காலம் என்ற அளவில் அந்நூல் முடித்துக்கொண்டது. அத்தீர்ப்பு எனக்கு நிறைவளிக்கவில்லை. எனவே கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். ஓலை எத்தகையது, வண்ணம் எத்தகையது, ஏட்டை எழுதுவித்தவர் யார் என்னும் மூன்றையும் அறியாமல் இவ்வோவியங்களை எடைபோட இயலாது என்பதே நான் கண்ட முடிவு. அதனை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

ஓலை

என் ஊர் பனங்காடு சூழ்ந்த ஊர். ஓலையை ஈர்க்கு நீக்கி வகிர்ந்து பெட்டி முடைவது எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கைவந்த தொழில். நம் நாட்டுப் பனையோலை தடிப்பானது, விறைப்பானது, மேற்பரப்பில் மை எளிதாகப் பற்றாது. ஆதலால்தான் நம் முன்னோர் எழுத்தாணியால் ஓலையைக் கீறி, பின்னர் அக்கீற்றில் கரியைத் தடவித் துடைத்தனர். கீறிய பள்ளத்தில் கரி தங்கும். மற்ற இடம் வெளுத்திருக்கும்.

மேற்கிந்தியச் சமணர் பயன்படுத்திய ஓலை பெரும்பாலும் வேறு மரத்தினது. அதற்குத் தாளிப்பனை என்று பெயர். குடைப்பனை என்றும், சீதாளம் என்றும் சொல்வர். வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துக் காய்த்து மடிந்துவிடும் மரம் அது. அதன் ஓலை மெல்லியது; வளைந்து கொடுப்பது; நம் பனையோலையைவிட அகலமானது. ஆகவே கீற வேண்டுவதில்லை. ஓலையை வேகவைத்து உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்து, நாணற்கோலை மையில் தோய்த்து எழுதலாம். தூரிகை கொண்டு தீட்டவும் செய்யலாம். இம்மரம் மழை வளம் மிக்க மலையாளக் கரையிலும் இலங்கையிலும் செழித்து வளர்வது. குஜராத்தின் வறண்ட நிலத்துக்கு அது உரியதன்று. வாணிகத்தின் வழியாகவே ஓலை அங்குச் சென்றது. சமணர்களுள் பலர் வணிகர் என்பதும், காம்பே அக்காலத்தில் பெரிய துறைமுகம் என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

தாளிப்பனையேயாயினும் ஓலை ஓலைதான். நீளம் ஒரு முழம் முதல் இரண்டு முழம் வரை செல்லும். அகலமோ 5 முதல் 8 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கயிறு கோப்பதற்கு ஒரு துளையோ இரண்டு துளைகளோ விட வேண்டும். எழுதுபவர் துளைக்கு இடம் விட்டு, ஓவியத்துக்கும் ஒரு கட்டம் விட்டு எழுதிச் செல்வார். ஓவியர் பின்னர் வந்து அக்கட்டத்தை நிரப்புவார். அஜந்தா ஓவியருக்கு ஒரு சுவர் முழுவதும் கிடைத்தது. இவருக்குக் கிடைத்ததோ உள்ளங்கையைவிடச் சிறிய இடம். அதற்குள் மலையின் தொலைவையும் வானத்தின் விரிவையும் காட்ட முடியுமா? ஆகவே பின்புலத்தை ஒரே செங்கல் சிவப்பால் நிரப்பிவிட்டு, உருவத்தை மட்டும் கூரிய கறுப்புக் கோட்டால் எடுத்துக்காட்டினார். தளர்ச்சி என்று நூல்கள் கூறும் இந்தக் கூர்மை, இடத்தின் சிறுமை அறிந்து அவர் கண்ட வழி என்றே நான் கருதுகிறேன்.

வண்ணம்

வண்ணங்களைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சற்று உரிமை கூடுகிறது. சிவப்புக்குச் சாதிலிங்கம். அது பாதரசமும் கந்தகமும் கூடிய மெர்க்குரிக் சல்பைடு. மஞ்சளுக்கு அரிதாரம். அது ஆர்சனிக்கும் கந்தகமும் கூடிய சல்பைடு. கூத்து மேடையில் முகத்துக்குப் பூசும் பூச்சை அரிதாரம் என்று நாம் வழங்குவது இம்மஞ்சளின் பெயராலேயே. நீலத்துக்கு அவுரி. அவுரியோடு அரிதாரத்தைக் கலந்தால் பச்சை. இவற்றோடு காவியும் வெள்ளையும் சேரும். எல்லாவற்றையும் பிசின் சேர்த்துக் குழைத்தனர்.

எழுத்துக்கு உரிய மை விளக்குப் புகைக்கரியால் ஆனது. கரி என்பது கார்பன். சாதாரண வெப்பநிலையில் அது காற்றோடும் வினைபுரியாது, ஈரத்தோடும் வினைபுரியாது. ஓலை பழுத்துப் பழுப்பேறினாலும் எழுத்துக் கறுப்பாகவே நிற்பதன் காரணம் இதுவே. அரிதாரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. எழுதும்போது பிழை நேர்ந்தால் அவ்விடத்தில் அரிதாரத்தைப் பூசி மறைத்து, அதன்மேல் திருத்தி எழுதினர். நச்சுப்பொருளாதலால் பூச்சிகளும் அதனை அண்டுவதில்லை. இன்றைய மாணவர் வெள்ளை மை கொண்டு பிழையை மறைப்பதைப் போன்றதே இது; ஆனால் அவர்களது திருத்தம் ஏட்டுக்குக் காவலாகவும் அமைந்தது!

ஓலையில் தீட்டுவதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஓலை வளையும், உலர்ந்த வண்ணம் வளையாது. ஏட்டைப் புரட்டும்தோறும் ஓலையோடு ஓலை உராயும். வண்ணம் செதிள் செதிளாக உதிரும். இதனால் ஏட்டின் முதலிலும் முடிவிலும் மட்டும் சில படங்களை அமைத்து நிறுத்திக்கொண்ட சுவடிகள் பல. ஏட்டுக் கட்டின் மேலும் கீழும் மரப்பலகைகளை வைத்து இறுகக் கட்டினர். அப்பலகைகளிலும் ஓவியம் தீட்டினர். பலகை வளையாது, நீளமும் மிகுதி. ஆகவே ஓலையில் அடங்காத நிகழ்ச்சிகளைப் பலகையில் விரித்துக் காட்ட முடிந்தது. மன்னன் சித்தராஜ ஜெயசிம்மனின் அவையில் 1124ஆம் ஆண்டை ஒட்டி, சுவேதாம்பரராகிய தேவசூரிக்கும் திகம்பரராகிய குமுதசந்திரருக்கும் நிகழ்ந்த சொற்போரை ஒரு பலகை காட்டுகிறது. பெண்ணுக்கும் வீடுபேறு உண்டா என்பது அவ்வாதத்தின் பொருள்களுள் ஒன்று. உண்டு என்ற தேவசூரியே வென்றார் என்பது சுவேதாம்பரர் மரபு.

ஏடுகள் சொல்லும் வளர்ச்சி

காலம் குறிக்கப்பெற்ற சமண ஓவிய ஏடுகளுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுவது ஜெய்சல்மேர் நகரில் உள்ள ஓகநிர்யுக்தி என்னும் நூலின் ஏடு. அதன் காலம் 1060. துறவியரின் ஒழுக்க விதிகளைக் கூறும் அந்நூலின் ஏட்டில் இலக்குமியையும் காமதேவனையும் யானைகளையும் காண்கிறோம். நூற்பொருளுக்கும் படத்துக்கும் நேரான தொடர்பில்லை. மங்கலத்துக்காகத் தீட்டப்பட்டவை அவை. 1100இல் பரோச் நகரில் எழுதப்பெற்ற நிசீத சூர்ணி ஏட்டிலும் அணி வேலைப்பாடுகளே மிகுதி. 1127ஆம் ஆண்டினதாகிய, காம்பே சாந்திநாதர் கோயில் ஏடொன்றில் மகாவீரரும் கலைமகளும் இடம்பெறுகின்றனர். 1260இல் மேவார் நாட்டின் ஆகாட நகரில், குகில மன்னன் தேஜசிம்மன் காலத்தில் எழுதப்பெற்ற ஏடு இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த ஆகாடம் இன்றைய உதயப்பூரை அடுத்த ஆஹார் ஆகும்.

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு மாற்றம் தோன்றுகிறது. மங்கல உருவங்களோடு நில்லாமல், ஓவியர் கதை சொல்லத் தொடங்குகின்றனர். 1288ஆம் ஆண்டினதான சுபாகு கதை ஏட்டில் மரங்களும் விலங்குகளும் நுழைந்துவிடுகின்றன. அதன்பின் ஓவியரின் கையில் மிகுதியாகப் பயின்றவை இரண்டு நூல்கள். ஒன்று, தீர்த்தங்கரர்களின் வரலாறு கூறும் கல்பசூத்திரம். மற்றொன்று, காலகாசாரிய கதை.

கல்பசூத்திரத்தில் வரும் ஒரு காட்சி: மகாவீரரைக் கருவுற்ற திரிசலை, உறக்கத்தில் பதினான்கு கனவுகள் காண்கிறாள். யானை, காளை, சிங்கம், இலக்குமி, மாலை, திங்கள், ஞாயிறு, கொடி, நிறைகுடம், தாமரைத் தடாகம், கடல், விமானம், மணிக்குவியல், புகையற்ற தீ ஆகியவை அவை. கட்டிலில் கிடக்கும் அன்னையையும் அவளுக்கு மேலே இக்கனவுகளையும் அச்சிறு கட்டத்துக்குள் ஓவியர் அடுக்கிவிடுகிறார்! இன்னொரு காட்சியில் மகாவீரர் துறவு பூணும்போது தம் தலைமயிரை ஐந்து பிடியாகத் தாமே களைகிறார். இந்திரன் அருகிலிருந்து அதனை ஏந்திக்கொள்கிறான். அவர் முகத்தில் வலியின் குறி ஒரு கோடளவும் இல்லை. சொல்ல வேண்டியதை ஓவியர் சொல்லிவிட்டார்.

துருத்திய கண்

இவ்வோவியங்களை ஒருமுறை கண்டவர் மறக்க முடியாதது அவற்றின் கண். முகம் முக்கால் பங்கு திரும்பியிருக்கும். நமக்கு அப்பாலுள்ள கன்னம் மறைந்துவிட்டாலும் அப்பக்கத்துக் கண் மட்டும் முகக் கோட்டைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும். இதற்குக் காரணம் என்ன? சுவேதாம்பரர் கோயில் படிமங்களில் பளிங்குக் கண்களைத் தனியே பதிக்கும் வழக்கத்திலிருந்து இது வந்தது என்பர் ஒரு சாரார். எல்லோராச் சுவரோவியங்களிலேயே இதன் தொடக்கத்தைக் காணலாம், கன்னம் படிப்படியாகக் குறுகியபோது கண் மட்டும் எஞ்சி நின்றது என்பர் மற்றொரு சாரார்.

பின்னதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. எனினும் இங்கு நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. காலகாசாரிய கதையில், உஜ்ஜயினி மன்னன் கர்த்தபில்லன் கவர்ந்து சென்ற தன் தங்கையை, சரசுவதி என்னும் பெண் துறவியை, மீட்பதற்காகக் காலகர் சாகி எனப்படும் அயல்நாட்டு மன்னர்களின் துணையை நாடுகிறார். பிற்கால ஏடுகளில் அச்சாகி மன்னர்களை ஓவியர் வேறு முகவெட்டோடும் வேறு உடையோடும் தீட்டுகிறார். அவர்களுக்குத் துருத்திய கண் இல்லை! அப்படியானால் மற்றவர்களுக்கு அக்கண்ணை அவர் தீட்டியது வேறுவிதமாகத் தீட்டத் தெரியாமையால் என்று சொல்ல முடியுமா? மரபை அறிந்தே கையாண்டார். வேண்டிய இடத்தில் அதனை விட்டும் தீட்டினார். தளர்ச்சி என்ற தீர்ப்பை ஏற்க இயலாது என்று நான் கூறுவதற்கு இதனையே தலையாய சான்றாகக் காட்டுவேன்.

எழுதுவித்தவர்கள்

இவ்வேடுகளை எழுதுவித்தவர் யார்? மன்னர்களும் உண்டு. சாளுக்கிய மன்னன் சித்தராஜன், ஹேமசந்திரரைக் கொண்டு இலக்கண நூல் ஒன்றை இயற்றுவித்தான். அந்நூலை யானை மேலேற்றி ஊர்வலம் செய்வித்தான் என்பது மரபு. அவனுக்குப் பின் வந்த குமாரபாலனும், அமைச்சர் வஸ்துபாலரும் நூல்நிலையங்கள் அமைத்ததாகக் கூறுவர். ஆனால் ஏடுகளின் இறுதியில் உள்ள பிரசஸ்தி எனப்படும் குறிப்புகளைப் பார்த்தால், எழுதுவித்தவருள் பெரும்பாலோர் வணிகரும் அவர்தம் இல்லத்துப் பெண்களுமே. இறந்துபோன தாய்க்கோ தந்தைக்கோ நன்மை உண்டாகுக என்று கருதி எழுதுவித்தவர் பலர். துறவியர்க்கு உடைமை கிடையாது. ஆகவே இல்லறத்தார் பொருள் செலவிட்டு ஏட்டை எழுதுவித்து, அதனைத் துறவியர்க்கு வழங்கினர். சமணத்தில் இது சாஸ்திர தானம் எனப் போற்றப்படுகிறது.

அந்நூல்களின் மொழியோ பிராகிருதமும் சமஸ்கிருதமும். கொடுத்தவருள் எத்தனை பேர் அவற்றைத் தாமே படித்திருப்பர்? மழைக்காலத்தில் வரும் பர்யூஷண விழாவில் துறவியர் கல்பசூத்திரத்தை உரக்கப் படிப்பர். இல்லறத்தார் அமர்ந்து கேட்பர். படங்களைக் கண்டு வணங்குவர். மகனை இழந்த துருவசேனன் என்னும் மன்னனுக்கு ஆறுதல் அளிக்கும் பொருட்டு, ஆனந்தபுரத்தில் முதன்முதலாக அந்நூல் அவையறியப் படிக்கப்பட்டது என்பது மரபுச் செய்தி. கேட்பவர்க்கு ஒலி, காண்பவர்க்குப் படம், கற்றவர்க்கு எழுத்து என மூவர்க்கும் உரிய பொருளாக ஏடு விளங்கியது.

இப்பகுதியைப் படித்தபோது என் வீட்டை நினைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் தாய் தன் பெயரை எழுதக் கற்றதே என் விண்ணப்பத் தாளில் கையொப்பமிட வேண்டும் என்பதற்காகத்தான். பெட்டி முடைந்து சேர்த்த காசில் அவர்கள் எனக்குப் பாடநூல் வாங்கித் தந்தனர். அந்நூலின் ஒரு வரியையும் அவர்களால் படிக்க இயலாது. ஆயினும் அது தரையில் கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றி மேலே வைப்பார்கள். தாம் படிக்க முடியாத நூலுக்காகப் பொருள் கொடுப்பவரின் உள்ளத்தை நான் அறிவேன். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் காம்பேயிலோ பட்டணத்திலோ ஒரு வணிகர் வீட்டுத் தாய் ஏடெழுதக் கொடுத்த பொன்னின் பொருளும் எனக்கு விளங்குகிறது. அந்த ஏட்டில் உள்ள ஓவியத்தை, கொடுத்தவரை மறந்துவிட்டு, அஜந்தாவோடு வைத்து அளப்பது முறையாகுமா?

காவலும் பூட்டும்

இவ்வளவு ஏடுகளும் நமக்கு எஞ்சியது எவ்வாறு? சமணர்கள் தம் கோயில்களை ஒட்டி ஞான பண்டாரம் என்னும் நூல்நிலையங்களை அமைத்தனர். பட்டண், காம்பே, ஜெய்சல்மேர் ஆகியவற்றின் பண்டாரங்கள் புகழ்பெற்றவை. ஜெய்சல்மேரில் 15ஆம் நூற்றாண்டில் ஜினபத்திரசூரி நிறுவிய பண்டாரம், கோட்டைக்குள் சம்பவநாதர் கோயிலின் நிலவறையில் உள்ளது. பாலைநிலத்தின் வறண்ட காற்று ஓலைக்கு உகந்தது. கார்த்திகை மாத வளர்பிறை ஐந்தாம் நாளை ஞான பஞ்சமி என்று கொண்டாடுவர். அன்று ஏடுகளை வெளியே எடுத்து, தூசு தட்டி, வழிபட்டு, மீண்டும் கட்டி வைப்பர். மழைக்காலம் முடிந்ததும் ஈரம் போக்க வேண்டும் என்னும் அறிவு, விழாவாகவே அமைந்துவிட்டது.

ஆனால் காவல் என்பது சில வேளைகளில் பூட்டாகவும் மாறிவிடும். தென்னாட்டில் திகம்பரரின் தலையாய நூலாகிய ஷட்கண்டாகமமும் அதன் உரையான தவளமும் இதற்குச் சான்று. அவற்றின் 12ஆம் நூற்றாண்டு ஓலைச் சுவடிகள், வண்ண ஓவியங்களோடு, கர்நாடகத்தின் மூடபித்ரியில் பாதுகாக்கப்பட்டன. பல நூற்றாண்டுகள் அவை வழிபடப்பட்டன, படிப்பாரில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் பணி தொடங்கிற்று. 1939 முதல் ஹீராலால் ஜைன் பதிப்பிக்க, அந்நூல் அச்சில் வந்தது. மேற்கிலும் அவ்வாறே. 1874இல் பியூலரும் யாக்கோபியும் ஜெய்சல்மேர் சென்றனர்; அதன் பின்னரே அப்பண்டாரத்தின் செல்வம் வெளியுலக அறிஞர்க்குத் தெரியலாயிற்று. புண்ணியவிஜய முனிவர் 1950ஆம் ஆண்டை ஒட்டி ஜெய்சல்மேரில் தங்கி, சிதறிக் கிடந்த ஏடுகளை ஒழுங்குபடுத்திப் பட்டியலிட்டார். பட்டணில் பல பண்டாரங்களின் ஏடுகளை ஒருங்கே வைக்க 1939இல் ஹேமசந்திராசாரியர் ஞான மந்திரம் திறக்கப்பட்டது. துறவியே கதவைத் திறந்துவிட்டார் என்பது பாராட்டுக்குரியது.

முடிவுரை

14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து காகிதம் ஓலையின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிற்று. காகிதத்துக்கு அகலக் கட்டுப்பாடு கிடையாது. ஓவியம் பெரிதாயிற்று, பொன்னும் விலையுயர்ந்த நீலக்கல் வண்ணமும் மிகுந்தன. ஆயினும் காகித ஏட்டையும் நீண்ட ஓலை வடிவிலேயே வெட்டினர். கயிறு கோக்க வேண்டிய தேவை இல்லாத போதும், துளை இருந்த இடத்தில் எழுத்தை விலக்கி, சிவப்பாலோ பொன்னாலோ ஒரு வட்டப் பொட்டு இட்டனர். ஓலை தந்த ஒழுங்கை அவர்கள் குறையாகக் கருதவில்லை என்பதற்கு அப்பொட்டே போதும்.

கலையை ஆராய்வோர் கோட்டையும் வண்ணத்தையும் ஆராய்வதோடு, அது எழுந்த பொருளையும் அதனை எழுப்பிய மக்களையும் அறிய வேண்டும். அறிவியல் மாணவர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. உதிரும் வண்ணத்தை நிறுத்துவது எப்படி, சாதிலிங்கம் கருக்காமல் காப்பது எப்படி என்பனவெல்லாம் நம் ஆய்வகத்துக்கு உரிய வினாக்கள். நம் ஊர்களில் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் ஓலைச் சுவடிகளுக்கும் அவ்வறிவு பயன்படும். தாம் படியாதவர்கள் பிறர் படிக்கட்டும் என்று கொடுத்தவை அந்த ஏடுகள். அவற்றைக் காப்பதோடு நில்லாது எடுத்துப் படிப்பதே, கொடுத்தவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு. அதற்கு இன்றே முயல்வோமாக!